வளாகத்துக்குள் அழுகை இல்லை

அஞ்சலாட்சி செவிலியர் பள்ளியில் சேர்ந்த வருஷம்தான் அங்கே அழுகையை ஒரு நோயாகக் கண்டுபிடித்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியை ஒட்டி அந்தப் பள்ளி இருந்தது. அஞ்சலாட்சிக்கு வீடு முத்தியால்பேட்டையில். அப்பா கன்னியப்பன் மில் தொழிலாளி. மில்லில் வேலை குறைந்துபோனதால் ஊரை ஒட்டியிருந்த மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு சைக்கிளில் போய்வந்துகொண்டிருந்தார். மகள் முதல்நாள் வெள்ளை உடுப்பில் கிளம்பியபோது தெருக்கோடிவரை கூடவே வந்தார். உடுப்பு அழுக்காகிவிடும் என்று தொடாமல் நின்று, அவள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சேர்ந்த இரண்டாம் வாரம் வெளியூரிலிருந்து உயரதிகாரிகள் சிலர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார்கள். பெண்கள் வார்டில் மருந்து அலமாரிக்குப் பின்னால் மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி நின்று அழுதுகொண்டிருந்தாள். அன்று காலை அந்த வார்டு முழுவதற்கும் அவள் ஒருத்திதான் டூட்டி. இரண்டு பேர் இறந்திருந்தார்கள். அதில் ஒருத்தி தண்ணீர் கேட்டிருக்கிறாள். இவள் இன்னொருத்திக்கு ஆக்சிஜன் சிலிண்டர் உருட்டிவரப் போயிருந்தாள்.

விசாரணை நடந்தது. நோயாளிகள் அதிகம், நர்ஸ்கள் குறைவு என்று ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தார். அது உண்மைதான் என்று விசாரணைக் குழு ஒப்புக்கொண்டது. ஆனால் புதிதாக நர்ஸ் பதவிகள் உண்டாக்க வேண்டுமானால் கோப்பு டெல்லிக்குப் போய்த் திரும்ப வேண்டும். மாணவிகளுக்கு மனத்திடத்தை உள்ளூரிலேயே உண்டாக்கிவிடலாம். ஆகவே மனத்திடப் பயிற்சிக் குழு அமைக்கப்பட்டது.

குழுவின் தலைவராக முசியே இராமதாஸ் வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர் என்பதால் ஊரில் அவரை ஐயா என்பதற்குப் பதில் முசியே என்பார்கள். இந்தோசீனாவில் சண்டை நடந்த காலத்தில் அங்கேயே இருந்தவர் என்பதால், மனத்திடத்தில் அவருக்கு இணை ஊரில் இல்லை என்று கருதப்பட்டது. அங்கே அவர் உடுப்புக் கிடங்கில் வேலை பார்த்தார் என்பது பிறகு தெரியவந்தது. அது ஒரு குறையாகாது என்று அவரே விளக்கினார். குண்டு விழுகிற ஊரில் உட்கார்ந்து கால்சட்டை எண்ணுவதற்குத்தான் அதிகத் திடம் வேண்டும். சண்டை போடுகிறவனுக்கு ஓடுவதற்காவது வழி உண்டு.

முதல் கூட்டத்தில் அவர் மாணவிகளுக்கு ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தார். குராஷ். தைரியம் என்று அர்த்தம். வார்டுக்குள் நுழையும்போது ஒவ்வொருத்தியும் நெஞ்சில் கைவைத்து அதைச் சொல்ல வேண்டும். மாணவிகள் சொன்னார்கள். நாலைந்து நாளில் ஆண்கள் வார்டிலிருந்த ஒரு கிழவர் அஞ்சலாட்சியின் முந்தானையைப் பிடித்து, வரும்போதெல்லாம் யாருக்கோ போடப்போவதாகச் சொல்கிறார்களே, அந்தக் குராஷ் ஊசியைத் தனக்கும் ஒன்று போடக்கூடாதா என்று கேட்டார். பெரிய இடத்து ஆட்களுக்கு மட்டும்தான் அது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஸ்டாக் இல்லை என்று அஞ்சலாட்சி சொன்னாள். கிழவருக்கு அது புரிந்தது. அவர் கேட்ட எல்லா மருந்துக்கும் அதே பதில்தான் கிடைத்திருந்தது.

அடுத்தது வசவுப் பழக்கம். நோயாளிகளின் உறவினர் திட்டினால் மாணவிகள் மனம் உடையக்கூடாது என்பதற்காக, தினமும் காலையில் ட்யூட்டர் ஒருவர் அவர்களை வரிசையில் நிறுத்தித் திட்ட வேண்டும் என்று குழு முடிவெடுத்தது. வேம்பு டீச்சருக்கு அந்த வேலை விழுந்தது. அவர் யாரையும் "வா, போ" என்றுகூடப் பேசாதவர். "நீங்கள் எல்லாம் சோம்பேறிகள்" என்று ஆரம்பித்து, அதற்குமேல் போகத் தெரியாமல் நின்றுவிடுவார். முத்தியால்பேட்டை மாணவிகளுக்கு அது ஓய்வு நேரம்போல இருந்தது. தெருக்குழாயில் குடத்தை முன்னால் வைத்ததற்கு அவர்கள் வாங்கிய பேச்சில் கால்வாசிகூட வேம்பு டீச்சருக்குத் தெரியாது. திட்டி முடித்ததும் அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். ட்யூட்டர்களின் அழுகை திட்டத்தில் சேராது என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அஞ்சலாட்சிக்குத் தோழி செல்வாம்பாள். பாகூர்ப் பக்கத்துப் பெண்; நடவு, களை என்று வயலில் வளர்ந்தவள். சிரிப்பும் அழுகையும் அவளுக்குச் சட்டென்று வரும். பிரசவ வார்டில் குழந்தை பிறந்தால் அழுவாள். தையல் போடும்போது யாராவது கத்தினால் அழுவாள். அழுதுகொண்டேதான் வேலையும் செய்வாள். அவள் பிடித்துக்கொண்டிருந்தால் வலி குறைகிறது என்று பிரசவத்துக்கு வந்தவர்கள் அவளையே கேட்டார்கள். அதனால் மனத்திட மதிப்பெண்ணில் அவள்தான் கடைசி.

அந்த மதிப்பெண் விளையாட்டல்ல. ஆறு மாதம் முடிந்ததும் மாணவிகளுக்குத் தலையில் வெள்ளைத் தொப்பி சூட்டும் விழா நடக்கும். தொப்பி கிடைக்காதவள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மனத்திடத்தில் தேறாதவளுக்குத் தொப்பி இல்லை என்று பள்ளி முதல்வர் கமலவேணி அம்மையார் அறிவித்திருந்தார்.

மழைக்காலம் வந்ததும் குழு இறப்புப் பயிற்சியைத் தொடங்கியது. வகுப்பறையில் கட்டில்மேல் படுக்கவைத்திருந்த பாடப் பொம்மை வியாழக்கிழமைதோறும் இறந்துபோகும். மாணவிகள் அதைத் துடைத்து, கட்டுக்கட்டி, வெள்ளைத் துணியால் மூட வேண்டும். பக்கத்தில் உறவினர் அழ வேண்டும் அல்லவா? அதற்காகச் சாரம் பகுதியிலிருந்து ஒப்பாரி பாடும் ஆயம்மாளை வரவழைத்தார்கள். அவள் வந்து, பொம்மையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, இது ஆணா பெண்ணா என்று கேட்டாள். இரண்டு பாடத்துக்கும் பயன்படுவது என்றார் வேம்பு டீச்சர். பேர் என்ன என்று கேட்டாள். பேர் கிடையாது.

"பேரு இல்லாத பொணத்துக்கு எப்படிம்மா அழறது?" என்றாள் ஆயம்மாள். "யாருன்னு சொல்லிக் கூப்புடுவேன்?"

ஏதாவது ஒரு பேர் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆயம்மாள் கட்டிலை ஒட்டிக் குனிந்தாள். பிறகு பொம்மையின் நெற்றியில் கைவைத்து, "முருகையா" என்றாள். அவ்வளவுதான். தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன பிள்ளை, சாப்பாட்டுத் தூக்கு மட்டும் வீட்டுக்குத் திரும்பி வந்தது, அதில் பாதிச் சோறு அப்படியே இருந்தது என்று அவள் பாட ஆரம்பித்தாள். அது அவள் பெற்ற பிள்ளை. செல்வாம்பாள் முதலில் உடைந்தாள். அஞ்சலாட்சிக்கு அப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரத்தில் வகுப்பு முழுவதும் அழுதது. வேம்பு டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வியாழக்கிழமை எல்லோருக்கும் பூஜ்யம் விழுந்தது. ஆயம்மாளை மறுவாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அழுகைக்கு ஆள் கேட்டால் துக்கத்தோடு வந்துவிட்டாள் என்பது அவள்மேல் குழு எழுதிய குறை.

அதற்குப்பின் மை உறிஞ்சும் ஒற்றுத்தாள் வந்தது. டூட்டி முடிந்து வரும் ஒவ்வொருத்தியின் கண்ணுக்குக் கீழும் வேம்பு டீச்சர் ஒற்றுத்தாளை வைத்து அழுத்துவார். தாள் நனைந்தால் மதிப்பெண் குறையும். செல்வாம்பாள் தேற வேண்டும் என்று பிடிவாதமாக முயன்றாள். கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டாள். அழுகை வரும்போது மாடுகளின் பேரை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். அவளுடைய அம்மா சின்னப்பாப்பா ஒரு பசுவை விற்றுத்தான் அவளைச் சேர்த்திருந்தாள். அந்தப் பசுவின் பேர் வரும்போது தாள் நனைந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் ஊசி குத்தியது. கண்ணாடி சிரிஞ்சுகளையும் ஊசிகளையும் கொதிக்கவைப்பதற்கு முன்னால் கழுவுவது முதல் வருஷத்தாரின் வேலை. வெறுங்கையால்தான் கழுவினார்கள். ஊசி குத்தாத விரல் அங்கே யாருக்கும் இல்லை. அன்று செல்வாம்பாளுக்கு ஆழமாகக் குத்தியது. மஞ்சள் காமாலையில் கிடந்த ஒரு நோயாளிக்குப் போட்ட ஊசி அது. அஞ்சலாட்சிதான் அவளை இழுத்துக்கொண்டு முதல்வரிடம் போனாள். கையுறை வேண்டும் என்று கேட்டாள்.

கமலவேணி அம்மையார் கோபப்படவில்லை. இருவரையும் உட்காரச் சொன்னார்.

"கிளவுஸுக்கு இண்டென்ட் போயிருக்கு. வரும்போது வரும். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. இன்னைக்கு கிளவுஸ் கேப்பீங்க. நாளைக்கு இன்னொரு நர்ஸ் கேப்பீங்க. அப்புறம் தூக்கம் கேப்பீங்க. கேக்க ஆரம்பிச்சா முடிவே கிடையாது. கேக்காம இருக்கப் பழகறதுதான் பயிற்சி."

செல்வாம்பாள் விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு, சரி மேடம் என்றாள்.

பொங்கல் போயிற்று. மாசி மகத்துக்குக் கடற்கரையில் சாமிகள் வந்து இறங்கிய வாரம், செல்வாம்பாளுக்குச் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்தாள். தொப்பி விழாவுக்குச் சில வாரங்களே இருந்தன. லீவு எடுத்தால் திடக்குறைவு என்று எழுதிவிடுவார்கள் என்பதால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆச்சரியமாக, அவளுடைய ஒற்றுத்தாளும் உலர்ந்தே வந்தது. அழுவதற்குக்கூட உடம்பில் தெம்பில்லை. முதல்முறையாக அவள் மனத்திடத்தில் தேறினாள். குழு அவளைப் பாராட்டியது.

செல்வாம்பாள் தங்கியிருந்த விடுதியின் மொட்டைமாடியில் அவளோடு துணி காயப்போடும்போது வெயிலில் அஞ்சலாட்சி அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது. தினமும் அந்தக் கண்களை ஒற்றுத்தாளோடு குனிந்து பார்த்திருக்கிறார்கள். ஈரம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் விதி. நிறத்தைப் பார்க்க விதியில் இடமில்லை.

தொப்பி வாங்கியதும் ஊருக்குப் போய்க் கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் சரியாகிவிடும் என்றாள் செல்வாம்பாள். அஞ்சலாட்சி கேட்கவில்லை. மறுபடியும் முதல்வர் அறைக்குப் போய், செல்வாம்பாளுக்குக் காமாலை, உடனே டாக்டர் பார்க்க வேண்டும் என்றாள். கமலவேணி அம்மையார் மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தார். செல்வாம்பாள் இப்போதுதான் நன்றாக முன்னேறுகிறாள் என்றார். தோழியின் முன்னேற்றத்தைக் கண்டு மனம் கலங்குவதும் ஒரு வகைத் திடக்குறைவுதான் என்று எடுத்துச் சொன்னார். விழா முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

விழாவுக்கு முன்பே ஒரு காலையில், பெண்கள் வார்டில் பெட்பேனோடு நடந்துபோன செல்வாம்பாள் அப்படியே சரிந்தாள். அதே வார்டில் காலியாக இருந்த கட்டிலில் அவளைப் படுக்கவைத்தார்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். ஈரல் கெட்டுப்போயிருந்தது.

அவளைக் கவனிக்கும் டூட்டியை அஞ்சலாட்சிக்கே கொடுத்தார்கள். நெருங்கியவரைக் கவனிப்பது நல்ல பயிற்சி என்று முசியே இராமதாஸ் சொன்னார். அவர் ஒருமுறை நேரிலும் வந்தார். கட்டிலுக்கு எட்ட நின்று, நெஞ்சில் கைவைத்து, "குராஷ், மாமுவசேல்" என்றார், தைரியம் பெண்ணே என்பதாக. செல்வாம்பாளுக்கு அப்போது பாதி நினைவுதான். அவரை டாக்டர் என்று எண்ணிக் கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தாள். அவளுடைய திடம் தனக்கு மகிழ்ச்சி தருவதாகச் சொல்லிவிட்டு அவர் போனார்.

மறுநாள் முற்பகல் அவள் கண் திறந்தாள். அஞ்சலாட்சி உதட்டை நனைத்துவிட்டாள்.

"அஞ்சலாட்சி, கண்ணு காஞ்சிருக்குதா பாரு."

"காஞ்சிருக்குதுடி."

"தாளு வெச்சுப் பாரு. டீச்சர் வரதுக்குள்ள."

தாள் இல்லை. அஞ்சலாட்சி தன் விரலைக் கண்ணுக்குக் கீழே வைத்து அழுத்தி எடுத்தாள். நீ பாஸ் என்றாள். செல்வாம்பாள் தலையை ஆட்டினாள். பிறகு மாடுகளின் பேரைச் சொல்ல ஆரம்பித்தாள். கடைசிப் பேர் வரை போகவில்லை. வார்டில் மதியச் சாப்பாடு வந்துகொண்டிருந்தது. அஞ்சலாட்சி அவளைத் துடைத்து, கட்டுக்கட்டி, வெள்ளைத் துணியால் மூடினாள். பொம்மையைவிட அவள் கனமாக இருந்தாள். கை வழுக்கியபோது அஞ்சலாட்சி பழக்கத்தில் "மெதுவா திரும்புடி" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை இரங்கல் கூட்டம் நடந்தது. மாணவிகள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். கமலவேணி அம்மையார் எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார்.

"செல்வாம்பாள் ஆரம்பத்துல ரொம்பப் பலவீனமான மாணவி. எல்லாத்துக்கும் அழுவா. ஆனா கடைசி ஒரு மாசம் பாருங்க. உடம்புல அவ்வளவு நோயை வெச்சுக்கிட்டு ஒரு நாள்கூட லீவு கேக்கல. ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. நம்ம திட்டம் வெற்றி பெற்றிருக்குங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

சொல்லி முடித்தபோது அவர் குரல் லேசாகக் கம்மியது. அதைச் சரிசெய்துகொண்டார். அடுத்துப் பேசிய முசியே இராமதாஸ், வருஷாவருஷம் மிகவும் பொறுமைசாலியான மாணவிக்குச் செல்வாம்பாள் பேரில் ஒரு பதக்கம் கொடுக்கப்படும் என்றார். வெளியாட்களின் அழுகை மாணவிகளைத் தொற்றக்கூடும் என்பதால், உடலை வாங்க வருகிறவர்கள் வாசல் பலகையில் எழுதியிருப்பதை மதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். வளாகத்துக்குள் அழ அனுமதி இல்லை என்று பலகையில் எழுதியிருந்தது.

சின்னப்பாப்பா ஊர்க்காரர் இரண்டு பேரோடு முன்னமே வந்திருந்தாள். பிணவறைக்கு வெளியே பெஞ்சில், முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் எதிரில் நின்று பலகையைக் காட்டிக்கொண்டிருந்தான். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. கூட்டம் கலைந்து வந்த அஞ்சலாட்சியைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கையால் கேட்டாள்.

"ஒண்ணும் இல்லம்மா. எழுந்திரிங்க, வெளிய போவலாம்" என்றாள் அஞ்சலாட்சி.

வாசலைத் தாண்டி, சாலையைக் கடந்து, எதிர்ப்பக்கத்து மதில் ஓரம் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். சின்னப்பாப்பா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். ஆனால் உடனே அழவில்லை.

"முள்ளு குத்தினாக்கூட ஊரையே கூட்டிப்புடுவாளே, கண்ணு. இத மட்டும் ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

அஞ்சலாட்சி சாலைக்கு அப்பால் தெரிந்த வாசல் பலகையைப் பார்த்தாள்.

"சொல்லாம இருக்கத்தாம்மா எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

சின்னப்பாப்பா அவளுடைய முகத்தையே பார்த்தாள். பிறகு அவளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓலமிட்டாள். அஞ்சலாட்சியும் அழுதாள். அழ ஆரம்பித்தபிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து இன்னொரு மாணவி வந்தாள். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வெள்ளை உடுப்புகள் மதில் ஓரம் வரிசையாக உட்கார்ந்து அழுதன. சைக்கிளில் போனவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். வேம்பு டீச்சரும் வந்து கடைசியில் உட்கார்ந்தார்.

முதல்வர் அறையிலிருந்து வாட்ச்மேனை அனுப்பினார்கள். அவன் வந்து பார்த்துவிட்டு, அழுகை வளாகத்துக்கு வெளியேதான் நடக்கிறது, நம் எல்லைக்குள் ஒன்றும் இல்லை என்று போய்ச் சொன்னான். ஆகவே நடவடிக்கை எடுக்க இடமில்லாமல் போயிற்று. அன்று வளாகத்துக்குள் கண்ணீரே விழவில்லை என்று குழு தன் அறிக்கையில் எழுதிக்கொண்டது.

உடலை ஏற்றிக்கொண்டு வண்டி பாகூர்ச் சாலையில் போனபிறகு அஞ்சலாட்சி வார்டுக்குத் திரும்பினாள். காலையிலிருந்து போட்ட ஊசிகள் தட்டில் கழுவாமல் கிடந்தன. அவள் தட்டை எடுத்தாள். குழாய்க்குப் போகவில்லை. நேராக முதல்வர் அறைக்குப் போய், கமலவேணி அம்மையாரின் மேஜைமேல், கோப்புகளுக்கு நடுவில் வைத்தாள். ஊசிமுனைகளில் ரத்தம் காய்ந்திருந்தது.

"கிளவுஸ் வந்ததும் கூப்புடுங்க மேடம். வந்து கழுவறேன்."

கமலவேணி அம்மையார் தட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"அழறியா நீ?"

"ஆமா மேடம்."

"இது வளாகம்."

"தெரியும் மேடம்."

அவள் அங்கேயே நின்றாள். முதல்வர் அவளை வெளியே போகச் சொல்லவில்லை. அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் மற்ற வார்டுகளிலிருந்தும் மாணவிகள் தட்டுகளோடு வந்து நின்றுகொண்டிருந்தார்கள். மேஜையில் இடமில்லாததால் தரையில் வரிசையாக வைத்தார்கள். முதல்வர் எழுந்து வெளியே போக வேண்டுமானால் அவற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் எழுந்திருக்கவில்லை. வெகுநேரம் கழித்து ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு, தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லி அனுப்பினார்.

அஞ்சலாட்சிக்கு மனத்திடத்தில் பூஜ்யம் என்று குழு முடிவு செய்தது. ஆனால் வீட்டுக்கு அனுப்பாமல், அவளுடைய தொப்பியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அவள் வீட்டில் சொன்ன மறுநாள் காலை கன்னியப்பன் சைக்கிளைத் துடைத்து வைத்தார். வேலைக்குப் போகும் வழியில் மகளைச் சைக்கிளில் ஏற்றி, பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

கையுறைகள், தட்டுகளை வைத்த அன்று சாயங்காலமே வந்துவிட்டன. நேரு வீதியில் ஒரு மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்களாம். எல்லாம் ஒரே அளவு, பெரியவை. அஞ்சலாட்சி போட்டுப் பார்த்தாள். விரல் நுனிகள் மடங்கித் தொங்கின. நாற்றும் களையும் பிடுங்கி அகன்றுபோன செல்வாம்பாளின் கைக்குத்தான் அவை கச்சிதமாக இருந்திருக்கும்.